இடது கைச் சுண்டு விரல்

"அந்தச் சுண்டு விரல வீட்டுலயே வச்சிட்டு வந்தியா, இல்ல கூடவே கூட்டிட்டு வந்திருக்கியா?"

பேஸ் கிட்டாரின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டே வைத்தியலிங்கம் கேட்டான். சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் சொல்வதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட இப்போது சந்திராவின் இன்னிசைக் குழுவில் இல்லை.

காவ்யா கீபோர்டு ஸ்டாண்டின் திருகை, ஏற்கெனவே முறுக்கியதையே, இன்னொரு முறை முறுக்கினாள். மேடைக்குப் பின்னால் கடல். மேடைக்கு முன்னால் கோட்டுச்சேரிமேடு மொத்தமும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரில் ஒரு படகும் இறங்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. அதனால் அலையில் இருக்கவேண்டிய ஆண்களும் அன்று மணலில் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அவளைத் தெரியும். வலை பின்னும் கலைவாணனின் மனைவி. கல்யாணம், காதுகுத்து என்றால் தனியாக ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய் வாசித்துவிட்டு வருகிறவள். இந்த மேடையில் இதுவரை பாட்டுக்காரர்கள் எல்லாம் வெளியூர். ஊர்ப் பெண் ஒருத்தி ஏறியிருப்பது இதுதான் முதல் தடவை. அதனால் ஊரே கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

சந்திரா நேற்றே தெளிவாகச் சொல்லிவிட்டாள். குழு அவளுடையது, பாடுவதும் அவள்தான். "காவ்யா, நாளைக்குக் கச்சேரி நல்லா போச்சுன்னா நீ நம்ம ஆளு. இல்லன்னா வருத்தப்படாத, வேற ஆள் பார்த்துக்குறேன்" என்றாள். வருத்தப்படாதே என்று சொல்வது எவ்வளவு சுலபம். ஆறு வருஷமாக ஒரு பெட்டியோடு தனியாக வாசித்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு மனிதர்களோடு சேர்ந்து வாசிக்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. அது மூடிவிட்டால் மறுபடி பெட்டிதான். அவளுக்கு வேறு எந்தக் கவலையும் அன்று பெரிதாகத் தெரியவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. இரண்டாயிரத்து ஏழு வாக்கில் காரைக்கால் பக்கம் 'ஒன் மேன் ஷோ' என்று ஒன்று பரவலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஆள், ஒரே கீபோர்டு. இடது கையால் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை, அமுக்கினால் பெட்டியே தபேலா அடிக்கும், அடி ஸ்வரங்களுக்குப் பேஸ் வாசிக்கும், கிட்டார் மீட்டும். வலது கை மெட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். கேட்கிறவர்களுக்கு ஏழெட்டுப் பேர் வாசிப்பது போல இருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம். கார்டின் அடி ஸ்வரத்தை, அதாவது ரூட்டை, கீழே அழுத்திக் காட்டினால்தான் அதற்கு எந்தக் கார்டு என்று புரியும். ஜி கார்டு வேண்டுமென்றால் ஜி என்ற ஸ்வரத்தை அமுக்கியே ஆகவேண்டும். ஆறு வருஷம் அப்படி வாசித்ததில் காவ்யாவின் இடது கைச் சுண்டு விரல் சொந்தப் புத்தியோடு வளர்ந்துவிட்டது. மற்ற விரல்கள் எங்கே போகிறோம் என்று யோசிப்பதற்குள் அது முன்னால் போய் ரூட்டில் உட்கார்ந்துவிடும்.

கோவில்பத்தில் சந்திரா வீட்டு மாடியில் நடந்த முதல் ஒத்திகையிலேயே குட்டு உடைந்தது. முதல் பாட்டு பாதி போவதற்குள் வைத்தியலிங்கம் கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டான்.

"அக்கா, நான் எதுக்கு? அதான் இவங்களே பேஸும் சேர்த்து வாசிக்கிறாங்களே."

"நான் பேஸ் வாசிக்கலண்ணே" என்றாள் காவ்யா.

"உன் சுண்டு விரல் வாசிக்குது. நான் ரெண்டு எட்டு நடந்துட்டு ரூட்டுக்கு வரலாம்னு பார்த்தா, நீ முன்னாடியே வந்து என் நாற்காலியில உக்காந்துகிட்டிருக்க. என் மடியிலயா உக்காருவ?"

சந்திரா வாயைப் பொத்திக்கொண்டாள். காவ்யாவின் முகம் சிவந்துபோனது.

குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவியான பேட் வாசிக்கும் சேக் அலாவுதீன் அன்று படியிறங்கும்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னான். வைத்தியலிங்கத்துக்கு ஒன் மேன் ஷோக்காரர்கள் என்றாலே ஆகாது. பூவத்திலே, அவன் சொந்த ஊரிலே நடந்த ஒரு கச்சேரிக்கு அப்படி ஒருவனைக் கூட்டிப்போயிருந்தார்கள். அவன் பெட்டியின் தானியங்கியை அணைக்க மறந்துவிட்டான். பெட்டி ஒரு பேஸ் வாசிக்க, வைத்தியலிங்கம் ஒரு பேஸ் வாசிக்க, முன்வரிசையில் இருந்த சொந்தக்காரர்கள் இவனைப் பார்த்து, "என்னடா, ஒத்தைக்கு ஒத்தையா?" என்று கூவியிருக்கிறார்கள். பகலில் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். உயரத்தில் நின்று பழகிய மனிதனுக்குச் சொந்த ஊரில் தலை குனிவது லேசான காரியமில்லை.

"அவன் மனசுல அது ஆறல, தங்கச்சி" என்றான் அலாவுதீன். "நீ அந்தக் கீழ நோட்ட விட்டுடு. இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரியாப் போகும்."

அலாவுதீனுக்குக் காரைக்காலில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மறுநாள் அவனே தேடி, பியானோ கார்டுகளைப் பற்றிச் சில பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தான். சந்திரா பாடும் மெலடிப் பாட்டுகளில் வரும் பெரிய கார்டுகள் அதில் இருந்தன. காவ்யா அதுவரை ஜி செவனோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். சி தான் வீடு என்றால், ஜி செவன் வாசற்படியில் வந்து நிற்கும் கார்டு. அதைக் கேட்டாலே காது, உள்ளே கூப்பிடு உள்ளே கூப்பிடு என்று பரபரக்கும். அந்த நாலு ஸ்வரத்துக்கு மேல் இன்னும் அடுக்கலாம் என்று அந்தப் பக்கங்கள் சொல்லின. ஒன்று விட்டு ஒன்றாக மேலே போனால் ஒன்பதாவது, பதினொன்றாவது, பதின்மூன்றாவது. ஜி, பி, டி, எஃப், ஏ, சி, இ. பார்த்தால் ஏழு வெள்ளைக் கட்டையும் உள்ளே வந்துவிட்டது. ஏழையும் ஒன்றாக அமுக்கிப் பார்த்தாள். மீன் ஏலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விலை கேட்டது போல இருந்தது.

எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் அதில் வித்தை. பதினொன்றான சி-யை விடு, அது பக்கத்திலிருக்கும் பி-யோடு முட்டிக்கொள்ளும். டி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்புறம், பேஸ் வாசிக்க ஆள் இருந்தால் ஜி-யையும் விட்டுவிடு. மிஞ்சுவது எஃப், ஏ, பி, இ. ஜி கார்டு, ஆனால் அதில் ஜி கிடையாது. இதைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, மாப்பிள்ளை இல்லாமல் கல்யாண ஊர்வலமா என்று.

பெட்டியில் வாசித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுபோனது. தானியங்கியை ஓடவிட்டு அந்த நாலையும் இடது கையில் குவித்து அமுக்கினாள். அடியில் இருந்த எஃப்-ஐப் பார்த்து, ஓகோ இது எஃப் என்று பெட்டி முடிவுகட்டி, எஃப்-இல் பேஸ் போட்டது. வாசற்படியையே காணோம். பாட்டு எங்கேயோ பக்கத்துத் தெருவில் போய் நின்றது. அச்செடுத்த பக்கம்தான் தப்பு என்று இரண்டு நாள் சாதித்தாள். பிறகு தானியங்கியை அணைத்துவிட்டு வாசித்தாள். இப்போது அடியில் ஒன்றுமே இல்லை. நாலு ஸ்வரமும் அந்தரத்தில் தொங்கின. சுண்டு விரல் தானாகக் கீழே போய் ஜி-யைத் தொட்டது. உடனே எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் கொடுமை.

கடைசியில் கலைவாணனைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மாமா, இது ஒண்ணுதான். நான் தலையாட்டுறப்ப இத அமுக்குங்க."

"இதுவா? இத அமுக்க ஒரு ஆளா?" என்றான் அவன். வலை நரம்பு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கட்டைவிரலால் ஜி-யை அமுக்கினான். எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் அமுக்குவான். அந்தத் தாமதத்துக்குள் காவ்யாவின் சுண்டு விரல் துடித்துப்போகும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். அப்புறம் அந்த ஜி வரும், வேறொருவர் கையிலிருந்து. அவள் கைக்கு அடியில் யாரோ பலகை போட்டது போல இருக்கும். அவளுக்கு அது எவ்வளவு பிடித்துப்போனது என்பதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நாலு தடவை சரியாக அமுக்கியிருப்பான். விடியுமுன் கடலுக்குப் போகிறவன், பாதியில் ஜி-யின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டான்.

இதெல்லாம் வீட்டில். மேடை வேறு.

மேடையில் வைத்தியலிங்கம் அவளுக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றான். அம்மன் பாட்டு முடிந்தது. அடுத்து இரண்டு குத்துப்பாட்டு. அவற்றில் யார் எந்த விரலை வைத்தார்கள் என்று அந்த அம்மனுக்கே தெரிந்திருக்காது. அலாவுதீனின் பேட் சத்தத்தில் மணல் அதிர்ந்தது, ஊர்ப் பையன்கள் ஆடினார்கள். அப்படியும் இரண்டு இடத்தில் சுண்டு விரல் கீழே போனது. இரண்டு தடவையும் வைத்தியலிங்கம் அவள் பக்கம் திரும்பினான். மூன்றாவது பாட்டு முடிந்ததும் நெருங்கி வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அடுத்தது ஓடப் பாட்டு. அதுல பேட் இருக்காது. நீயும் நானும்தான். விரலு கீழ வந்துச்சுன்னா அக்காவுக்கு நல்லாவே கேக்கும்."

ஓடப் பாட்டு என்று குழுவில் சொல்வது ஒரு பழைய சினிமாப் பாட்டை. சந்திராவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவிக்குத் திரும்புமுன் ஓர் இடம் வரும். தாளம் நின்றுவிடும். சந்திரா ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கியபடி, மூச்சு இருக்கும் வரை நிற்பாள். அவளுக்குக் கீழே அந்தப் பெரிய ஜி கார்டு மட்டும். ஒரு குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அப்புறம் அவள் கையை இறக்கினதும் எல்லோரும் சி-யில் வந்து விழவேண்டும். பாட்டில் அந்த இடம் மூன்று தடவை வருகிறது.

காவ்யா பியானோ சத்தத்தைத் தேர்ந்துகொண்டாள். முன்வரிசையில் கலைவாணன் உட்கார்ந்திருந்தான். அவள் பார்த்ததும், வீட்டில் பழக்கப்பட்டபடி, கட்டைவிரலை மடக்கிக் காட்டினான். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

பாட்டு தொடங்கியது. பல்லவி நன்றாகவே போனது, முதல் சரணமும்தான். பேட் நின்றது. சந்திராவின் கை உயர்ந்தது. இடது கட்டைவிரலில் எஃப், வலது கையில் ஏ, பி, இ. நாலும் சரியாக விழுந்தன. கூடவே, கூப்பிடாத விருந்தாளியாக, சுண்டு விரல் ஜி-யில் போய் உட்கார்ந்தது. அதே கணம் வைத்தியலிங்கத்தின் ஜி-யும் வந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, அடியில் கசகசவென்று ஒரு மந்தம். கூட்டத்துக்குத் தெரிந்திருக்காது. சந்திராவுக்குத் தெரிந்தது, அவள் புருவம் சுருங்கியது. வைத்தியலிங்கம் உதட்டைப் பிதுக்கினான்.

காவ்யாவுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. இரண்டாவது சரணம் முழுக்க அவள் பாட்டைக் கேட்கவே இல்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள் என்றாலும் தப்பில்லை. பேட் நின்றது. கை உயர்ந்தது. எஃப், ஏ, பி, இ. சுண்டு விரல் அந்தரத்தில் மடங்கி நின்றது. அப்பாடா என்று நினைத்தாள்.

பேஸ் வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். வைத்தியலிங்கம் வலது கையைக் கம்பிகளின் மேல் படுக்கவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றான். வேண்டுமென்றே வாசிக்கவில்லை. நாலு ஸ்வரமும் அடியில்லாமல் மிதந்தன. சந்திரா பிடித்திருந்த ஸ்வரம் லேசாக ஆடியது. இத்தனை வருஷத்தில் அவள் குரல் ஆடி யாரும் கேட்டதில்லை. சுண்டு விரல் துடித்தது. ஒரே ஒரு அமுக்கு, எல்லாம் சரியாகிவிடும். காவ்யா அமுக்கவில்லை. எப்படியோ கை இறங்கி, எப்படியோ சி-யில் வந்து விழுந்தார்கள். அங்கே மட்டும் வைத்தியலிங்கம் ஒன்றுமே நடக்காதது போல வந்து சேர்ந்துகொண்டான்.

பல்லவி முடிந்து இடையிசை ஓடும்போது சந்திரா பின்பக்கம் திரும்பினாள். மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காவ்யாவைப் பார்த்து, வலது கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினாள். அடியில் ஒன்றுமில்லை, ரூட்டைப் போடு. சொல்லே தேவைப்படாத கட்டளை. அவள் கோபத்தில் இருந்தாள். பேஸ்காரன் பதினைந்து வருஷப் பழக்கம், கீபோர்டுக்காரி புதுசு. ஓட்டை எங்கே என்று அவள் வேறு பக்கம் தேட வேண்டிய காரணமே இல்லை.

அந்தக் கட்டளையை வைத்தியலிங்கமும் பார்த்தான்.

இது என்ன நியாயம்? ரூட்டை வைத்தால் இவன் விடமாட்டான், வைக்காவிட்டால் அவள் விடமாட்டாள். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது சரணம் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது, அவள் கைகள் தாமாக வாசித்துக்கொண்டிருந்தன. வைத்துவிடு என்றது மனசு. குழுவை நடத்துகிறவள் சொல்லியிருக்கிறாள், வைத்துவிடு. இவன் மறுபடி வாசிக்காமல் நின்றால் அக்கா குரல் உடைந்துபோகும், அப்புறம் இந்த மேடை ஏது? ஆறு வருஷமாக எல்லா மேடையிலும் அவளைக் காப்பாற்றிய விரல். அதை நம்பாமல் இந்த மனுஷனையா நம்புவது?

ஆனால் அதை நம்பி வாசிப்பதென்றால் வீட்டிலேயே இருக்கலாமே. பெட்டி இருக்கிறது, விரல் இருக்கிறது. இங்கே எதற்கு வந்தாள்? அவளுக்கு அடியில் இன்னொருவர் வந்து நிற்பார் என்பதற்காகத்தானே வந்தாள். வராமலே போனால், வரவில்லை என்று தெரிந்துகொண்டாவது போகலாம். இப்படி நினைத்தபோது பயம் போய்விடவில்லை.

பேட் நின்றது. சந்திராவின் கை உயர்ந்தது. இந்தத் தடவை இன்னும் உயரமாக.

எஃப், ஏ, பி, இ.

சுண்டு விரலை அவள் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். காத்திருந்தாள். பேஸ் வரவில்லை. அலை ஒன்று வந்து கரையில் விழும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் கலைவாணனின் கட்டைவிரல் முழங்காலில் அழுந்தியது. பேஸ் வரவில்லை. சந்திராவின் தலை இவள் பக்கம் திரும்பத் தொடங்கியது.

அப்போது வந்தது. ஆனால் வந்தது ஜி இல்லை.

வீட்டுக்கு ஒரு படி மேலே, சி-க்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டை, சி ஷார்ப். எங்கேயோ இருக்கவேண்டிய ஸ்வரம். தொலைந்தோம் என்று நினைத்தாள் காவ்யா. ஆனால் காது வேறு சொன்னது. அவள் கையிலிருந்த அதே நாலு ஸ்வரம் அந்தப் புது அடியின் மேல் அப்படியே உட்கார்ந்து, நிறம் மாறிப்போய், இதுவரை அவள் கேட்டேயிராத ஒரு கார்டாக நின்றது. கசப்பும் இனிப்புமாக, நெஞ்சைப் பிசைந்தது. எஃப்-உம் பி-யும் ஜி-க்கு மட்டும் சொந்தமில்லை, இந்த சி ஷார்ப்புக்கும் சொந்தம். இரண்டில் எந்த அடிமேல் நின்றாலும் வீட்டைத்தான் கேட்கும். அவளுடைய ஜி மட்டும் கீழே கிடந்திருந்தால் இரண்டு அடியும் ஒன்றோடொன்று மோதி ஊரே காதைப் பொத்தியிருக்கும். கிடக்கவில்லை. இடம் காலியாக இருந்தது.

சந்திராவின் தலை பாதியில் நின்றுவிட்டது. அவள் பிடித்திருந்த அதே ஸ்வரம் திடீரென்று வேறு ஒளியில் தெரிந்தது போலும். மூச்சு முடியவேண்டிய இடத்தைத் தாண்டியும் பிடித்தாள். மணலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு கை மெல்ல இறங்கியது. சி ஷார்ப் ஒரு படி கீழே நழுவி சி-யில் வந்து அமர்ந்தது, காவ்யாவின் கைகளும் அமர்ந்தன. மீனவர்கள் கூட்டத்தில், பாட்டு நடுவே, "ஆஹ்" என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. அதைத் தொடர்ந்து விசில்.

பாட்டு முடிந்ததும் சந்திரா இடைவேளை அறிவித்தாள். ஊர்ப் பெரியவர்கள் அவளுக்குச் சால்வை போடக் கூப்பிட்டார்கள். காவ்யா மேடையின் பின்படியில் இறங்கினாள். வைத்தியலிங்கம் அங்கே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

அவன் பாட்டிலை மூடினான். "நீ ஜி வைப்பன்னு தெரிஞ்சு வச்சேன். அக்கா கைய காட்டுனத நானும் பார்த்தேன்ல. நீ அடுத்த நொடியாவது கண்டிப்பா வைப்ப, நான் வேற ஏதாவது வச்சா நாறும். தப்பு புதுசா வந்தவ தலையிலதான் விழும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வேற ஒண்ணும் நெனைக்கல" என்றான்.

காவ்யாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனை அறைந்துவிடலாம் போலிருந்தது. அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றான்.

"நல்லா இருக்கும்னு தெரியாது?"

"தெரியாது. சத்தியமா தெரியாது." அவன் குரலில் முதல் தடவையாக முரட்டுத்தனம் இல்லை. "பதினஞ்சு வருஷமா அந்த எடத்துல ஜி-தான் வாசிக்கிறேன். எனக்கு மேல எப்பவும் எவனாவது ஒரு ஜி வச்சிகிட்டே இருப்பான். அந்த எடம் காலியா இருந்து நான் பார்த்ததே இல்ல."

சந்திரா சால்வையோடு வேகமாக வந்தாள். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும்.

"ஏய், என்ன வச்சீங்க அங்க? எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு. ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம எப்ப பேசி வச்சீங்க?"

வைத்தியலிங்கம் தரையைப் பார்த்தான். இப்போது வாயைத் திறக்கவேண்டியது காவ்யாதான். ஒரு வார்த்தை போதும். பூவத்தில் குனிந்த தலை கோட்டுச்சேரிமேட்டிலும் குனியும், பெட்டிக்காரி ஒருத்தியால். அவளுக்குச் சொல்லத்தான் ஆசையாக இருந்தது. நியாயமும் அவள் பக்கம்தான்.

"பேசி வைக்கலக்கா" என்றாள். "அண்ணன் வச்சாரு. நான் எடம் விட்டேன்."

"அப்ப நாளைக்குத் திருநள்ளாறு கச்சேரிக்கும் அப்படியே விடு" என்று சொல்லிவிட்டு, அலாவுதீனிடம் அடுத்த பாட்டுக்கு வேகம் சொல்ல சந்திரா படியேறிப் போனாள். நாளைக்கு என்ற சொல்லைக் காவ்யா மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

வைத்தியலிங்கம் போகவில்லை. கிட்டார் வாரைச் சரிசெய்வது போலப் பாவனை செய்துகொண்டிருந்தான்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மறுபடி அத வைக்க மாட்டீங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நான் மன்னிப்பெல்லாம் கேக்குற ஆளு இல்ல."

"நானும் மறந்துடுற ஆளு இல்லண்ணே. வாங்க, அக்கா கூப்புடுறாங்க."

இரண்டாம் பாதியில் முதல் பாட்டு ஒரு சாதாரணக் காதல் பாட்டு. பல்லவிக்கு முன் சின்னதாக ஒரு ஜி செவன் வரும், அவ்வளவுதான். வைத்தியலிங்கம் தன் இடத்துக்குப் போகாமல் ஒரு எட்டு அவள் பக்கமாக நகர்ந்து நின்றான்.

"எத வைப்பேன்னு முன்கூட்டி சொல்ல மாட்டேன்" என்றான்.

"சொல்லாதீங்க."

அந்த இடம் வந்தது. அவள் எஃப்-ஐயும் மேலே உள்ளவற்றையும் வைத்தாள். சுண்டு விரல் கட்டையின் ஓரத்தில், கீழே அழுத்தாமல், அவன் ஸ்வரத்துக்காகக் காத்திருந்தது.